கீபோர்டும் கோவில் பாட்டும்

(ஜூபிலி விழாவையொட்டிப் பாடகர் குழுவினருக்கு ஆற்றிய உரை)



நம் மலையில் இசைக்கருவிகளுக்குப் பரம எதிரி பனிமூட்டம். தபேலாவின் தோல் ஈரத்தில் தளர்ந்துவிடும். ஆர்மோனியத்தின் மரம் உப்பிக் கட்டைகள் சிக்கிக்கொள்ளும். சுமார் 7,000 அடி உயரத்தில் வாழும் நமக்குச் சுருதி மாறாத கீபோர்டு பெரிய உபகாரமே. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பிழைப்புக்காக மதுரைக்கும் திருப்பூருக்கும் இறங்கிப் போய்விட்டார்கள். எஞ்சியிருக்கும் ஒருவர் தபேலா, கிதார், பேஸ் அனைத்தையும் விரல் நுனிக்கு வரவழைக்கிறார் என்றால், அதைக் குறை கூறுவது நன்றியன்று.

ஆனால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று நாம் அறிந்திருக்க வேண்டும். இடக்கையால் ஸ, க, ப என்று பிடித்தவுடன் அது மேஜர் கார்ட் என்று யந்திரம் கண்டுகொள்கிறது. தன்னுள் எழுதி வைத்திருக்கும் தாளத்தையும் பேஸ், கிதார் வரிசைகளையும் அதற்கேற்ப ஒலிக்கிறது. விரலை எடுத்தாலும் நிற்பதில்லை. இதற்கே ஆட்டோ அக்கம்பனிமென்ட் என்று பெயர்.

இங்கேதான் சங்கடம். யந்திரத்துக்கு மேஜர், மைனர் தெரியும், இராகம் தெரியாது. மாயாமாளவகௌளையில் அமைந்த பாட்டுக்கு ஸ கார்ட் பிடித்தால், ஸ-விலிருந்து க-வுக்கு நடக்கும் பேஸ், சுத்த ரிஷபத்தை விட்டுவிட்டுச் சதுசுருதி ரிஷபத்தை மிதித்துக்கொண்டு போகும். பாடுபவர் ஒரு சுரம், பெட்டி ஒரு சுரம்! ஏழு எண்ணிக்கையுள்ள மிச்ர சாப்புப் பாட்டை நான்கு எண்ணும் ஸ்டைலில் திணித்தால் சொற்களே முறிகின்றன. இத்தகைய பாட்டுகளுக்கு அக்கம்பனிமென்ட் பொத்தானை அணைத்து, பொருந்தும் தாளம் இருந்தால் அதை மட்டும் வையுங்கள். இல்லையெனில் அதுவும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய கவலை மக்களைப் பற்றியது. நம் பாட்டிமார் ஒரு வரியின் முடிவில் மூச்சு வாங்குவார்கள். ஆர்மோனியக்காரர் துருத்தியை மெல்ல அழுத்திக் காத்திருப்பார். யந்திரம் காத்திராது. முதல் சரணத்தில் பின்தங்கியவர்கள் இரண்டாம் சரணத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். பிறகு கோவிலில் பாடுவது யார்? ஒலிபெருக்கிதான்!

திருச்சபை இவ்விஷயத்தில் நெடுங்காலமாகவே விழிப்பாயிருக்கிறது. 1903-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் பியானோவையும் முரசு போன்ற இரைச்சல் கருவிகளையும் கோவிலில் விலக்கினார். 1958 செப்டம்பரில் உரோமையிலிருந்து வந்த திருஇசைப் போதனை, தானாக இயங்கும் ஆர்கன், கிராமபோன், ஒலிப்பதிவுக் கருவி முதலியவற்றை வழிபாட்டில் தடுத்தது. 1963-இல் வத்திக்கான் பொதுச்சங்கம் குழல் ஆர்கனைப் போற்றி, ஏனைய கருவிகளும் தகுதியுடையனவாயின் வரலாம் என்று வாசலைத் திறந்தது. நம் கீபோர்டு இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது: கார்டைப் பிடிப்பது மனிதக் கை, வாசிப்பது ஏற்கெனவே எழுதிவைத்த வரிசை. கை தலைமை தாங்கும் வரை அது வாத்தியம். கை சும்மாயிருக்க அது ஓடினால், 1958-இல் தடுத்த பொருளுக்கு வெகு சமீபம் என்பதே நம் கருத்து.

இப்போது லூப் என்றொன்று வந்திருக்கிறது. காலால் மிதித்து நான்கு ஆவர்த்தனம் பதிந்தால், நிறுத்தும் வரை அதுவே சுழலும். அதன்மேல் இன்னொன்றையும் ஏற்றலாம். ஒரு பெண் பிள்ளையின் குரலை நான்காக அடுக்கி, நால்வர் பாடுவதாகக் காட்டுவது திருப்பலிக்கு ஆகாது. வராத மூவர் வந்ததாக நாம் ஏன் பாவனை செய்ய வேண்டும்? ஆனால் ஒத்திகையில் இதைப் போல் நல்ல ஆசிரியர் இல்லை. மேல்குரலைப் பதிந்து சுழலவிட்டால், இரண்டாங்குரல் பாடுபவர் வீட்டிலேயே சலிக்காமல் நூறு தடவை பழகலாம்.

ஜூபிலித் திருப்பலிக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வருகைப் பாடலுக்கும் நன்றிப் பாடலுக்கும் ஸ்டைல் போடலாம். வேகத்தைக் கடைசிப் பெஞ்சில் இருப்பவர்களைப் பார்த்து வையுங்கள். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', பதிலுரைப் பாடல், 'தூயவர்' ஆகியவற்றுக்கு ஸ்டைல் வேண்டாம். வலக்கையும் மக்கள் குரலும் போதும். கோடைக்கானலில் சலேத் மாதா கோவில் எழுந்த 1866-இல் இம்மலையில் மின்சாரமே கிடையாது. இன்றும் பெருமழையில் கம்பி அறுந்தால் அதே நிலைதான். ஆகையால் பழைய ஆர்மோனியத்தின் கிழிந்த துருத்தியை விழாவுக்கு முன் ஒட்டுவித்துவிடுங்கள். செலவைப் பங்குக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.