குடித்தவரின் கணக்கும் எமது கணக்கும்

(குடிமறுப்புக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



குடியின் கேடு பற்றி நாம் பேசுவோம் என எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். தவறணையைச் சாடுவது எமக்கு எளிது. பலமுறை சாடியும் இருக்கிறோம். இன்று எமது வீட்டைப் பற்றிப் பேச முற்படுகிறோம்.

எமது தமையனார் பன்னிரண்டு ஆண்டுகள் சாராயத்துக்கு அடிமையாய் இருந்தார். அவர் கந்தோருக்குப் போகாத நாட்களில், காய்ச்சல் எனக் கடிதம் எழுதியவர் யார்? நாமே. தெருவிலே சண்டையிட்டுப் பொலிசில் அகப்பட்டபோது பிணை எடுத்தவரும் நாமே. புகையிலைத் தோட்டத்தை அவர் ஈடு வைத்தார். யாருக்கும் தெரியாமல் மீட்டோம். அடுத்த ஆண்டே மீண்டும் ஈடு வைத்தார். நீதிமன்றிலே பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து கிழிக்கும் நாம், வீட்டிலே பொய்ச் சாட்சியாய் நின்றோம். இதனைப் பாசம் என்றே அப்போது நம்பினோம்.

ஒருமுறை அவரை அறையிலே பூட்டினோம். மூன்றாம் நாள் கைகால் நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறினார். ஓடி வந்த வைத்தியர் எம்மைக் கடிந்துகொண்டார். நெடுங்காலம் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வைத்தியரின் கண்காணிப்பிலேயே நிறுத்தவேண்டும். உங்கள் வீடுகளில் எவரும் எம்மைப்போலப் பூட்டி வைத்துவிடாதீர்கள் என்பதற்காகவே இதனைச் சொல்கிறோம்.

இந்நிலையிலேதான் அமெரிக்க மாது லோயிஸ் வில்சனின் வரலாறு எமக்குத் தெரியவந்தது. 1918இல் பில் வில்சனை மணந்தவர் அவர். கணவரைக் குடியினின்றும் பிரித்துவிடலாம் என்ற ஆசையிலே, 1925இல் அவருடன் மோட்டார் சைக்கிளில் ஊரூராய்ச் சுற்றினார். பின்னாளில் கடையொன்றில் வேலை செய்து குடும்பத்தைத் தாங்கினார். ஒன்றும் பலிக்கவில்லை. 1934 டிசம்பரிலே பில் குடியை விட்டார். மறு ஆண்டு, அக்ரன் நகரிலே வைத்தியர் ஸ்மித்துடன் சேர்ந்து அல்கஹோலிக்ஸ் அநோனிமஸ் சங்கத்துக்கு வித்திட்டார்.

லோயிஸ் மகிழ்ந்திருக்க வேண்டும் அன்றோ? ஒருநாள், கூட்டத்துக்கு நேரமாகிறது, விரைந்து வா எனக் கணவர் அழைத்தபோது, அவர் சப்பாத்தைத் தூக்கி எறிந்தார்! பின்னர் தம்மையே வியந்து ஆராய்ந்தார். தமது அன்பினால் ஆகாததை யாரோ பிறர் செய்து முடித்தனரே என்ற மனத்தாங்கல் உள்ளே கிடந்ததைக் கண்டார். கணவர்மார் கூடிப் பேசும் வேளையில் வெளியே காத்திருந்த மனைவியரும் அவ்வாறே தம்முள் பேசத் தொடங்கினர். 1951இல் குடும்பத்தினருக்கென அல்-அனன் அமைப்பு உருவாயிற்று. குடிகாரர் தம் குற்றங்குறைகளை அச்சமின்றிக் கணக்கெடுக்கும் நான்காம் படியைக் குடும்பத்தினரும் தமக்கென எடுத்துக்கொண்டனர். இந்நோயை நாம் உண்டாக்கவில்லை, அதனை அடக்கவோ மாற்றவோ எம்மால் ஆகாது என்பது அவர்கள் கொண்ட தெளிவு.

நாமும் ஓர் இரவு கணக்கெழுத அமர்ந்தோம். தமையனாரின் போத்தல்களை எண்ணிய நாம், எமது பொய்களை எண்ணியதில்லை. எம் கோபத்துக்கு அஞ்சி எமது பிள்ளைகள் வாய் திறவாதிருந்ததை அன்றுதான் உணர்ந்தோம். எல்லாவற்றிலும் கசப்பானது ஒன்று: குடிகார அண்ணனைத் தாங்கும் நல்ல தம்பி என ஊரார் புகழ்ந்தது எமக்கு இனித்தது. குடிக்காத எமக்கும் ஒரு போதை இருந்திருக்கிறது.

அதன்பின் கடிதம் எழுதுவதை நிறுத்தினோம், கடனையும் கட்டவில்லை. அண்ணியார் எம்மோடு சில மாதம் பேசவில்லை. வேலை போகும் நிலை வந்தபோது தமையனார் தாமாகவே வைத்தியசாலைக்குப் போனார். எம் செயலால்தான் போனார் என்று வாதாட எம்மிடம் சான்று இல்லை. எத்தனையோ வீடுகளில் அவ்வாறு நடப்பதுமில்லை.

அவர் குடியாமல் இரண்டாண்டு கழிந்தது. உறுதிகள் இருந்த பெட்டியின் திறப்பைக் கேட்டார். நாளை தருவோம் என்றோம். அந்த நாளை வர ஒன்றரை ஆண்டு பிடித்தது. லோயிஸ் எறிந்த சப்பாத்து எம் கையிலும் இருந்தது. சென்ற தை மாதத்திலேதான் திறப்பைக் கொடுத்தோம்.

கூட்டம் முடிந்ததும் இம்மண்டபத்தின் பின்னறையில் இரவு ஒன்பது மணிவரை இருப்போம். வீட்டில் இத்துயர் உள்ளவர்கள் வரலாம். பெயர் கேட்கமாட்டோம்.