கூலியும் ஞானஸ்நானமும்



"கஞ்சிக்கு மதம் மாறியவர்கள்" என்னும் ஏளனச் சொல்லை நம்மவர் பலமுறை கேட்டிருக்கின்றனர். அதற்கு விடையாக ஓங்கோல் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

1876-78 தாது வருஷப் பஞ்சம் தெலுங்கு நாட்டையும் வாட்டியது. அங்கே ஊழியம் செய்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தோண்டும் ஒப்பந்தத்தை அரசிடம் பெற்றார். மாதிகா மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து மண் சுமந்தனர். (அக்கால்வாயை வகுப்பறையில் கற்பிக்கிறோம், வெட்டிய கைகளைக் கற்பிப்பதில்லை.) அவர்கள் பெற்றது பிச்சையன்று, கூலி. தீண்டத்தகாதவர் எனப்பட்டோரின் கையில் உழைத்த கூலி ஒழுங்காகச் சேர்ந்ததே அந்நாளில் அற்புதந்தான்!

வேலைத்தலத்தில் கிறிஸ்துவின் செய்தியும் சொல்லப்பட்டது. பலர் ஞானஸ்நானம் வேண்டினர். கிளஃப் மறுத்தார். சோற்றுக்காக வருகிறார்களோ என்னும் ஐயம் அவருக்கும் இருந்தது போலும். ஏறத்தாழ 15 மாதம் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கப்படவில்லை. நிவாரணம் முடிந்தது என்று அறிவித்த பின்னரும் மக்கள் திரண்டு வந்து கேட்டனர். 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்குப் பெற்றனர். கொடுத்தவர்கள் இந்தியப் போதகர் அறுவர். கிளஃப் அன்று ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. அப்பஞ்சத்துக்குப் பத்தாண்டு முன்பே, 1866-இல், எர்ரகுண்ட்ல பேரய்யா என்னும் மாதிகா தோல் வணிகர் தாமே தேடிச் சென்று ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு எவரும் கஞ்சி ஊற்றவில்லை. ஓங்கோல் வட்டாரச் சேரிகளில் ஊர் ஊராக நடந்து இச்செய்தியை முதலில் சொன்னவர்களுள் அவர் ஒருவர்.