ஆற்றுக் கணக்கை எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளம், போனஸ், வீடு என்று பேசும் சங்க மேடையில் ஆற்றைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. இந்நாட்டில் குழாயில் வரும் நீரில் மிகப் பெரும் பகுதி ஆற்று நீரே. அந்த ஆறுகளில் பல மலையில் பிறந்து வருபவை. ஆறு கெட்டால் வசதி உள்ளவன் போத்தல் தண்ணீர் வாங்கிக் குடிப்பான். லயத்தில் இருக்கும் நாம் எங்கே போவோம்? ஆகவே இது தொழிலாளர் பிரச்சினைதான்.

கேமரன் மலையைப் பாருங்கள். தித்திவாங்சா மலைத்தொடரில் உள்ள அவ்விடத்தில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் பாடுபட்டு வந்திருக்கிறார்கள். பெர்தாம், தெலோம், லெமோய் என்னும் ஆறுகள் அங்கே பிறந்து கிழக்கு நோக்கிப் பகாங் ஆற்றைச் சேர ஓடுகின்றன. ரிங்லெட் அருகில் பெர்தாம் ஆற்றை மறித்து சுல்தான் அபுபக்கர் அணை கட்டப்பட்டு, 1963-இல் மின்சாரத் திட்டம் தொடங்கியது. தெலோம் ஆற்று நீரும் சுரங்க வழியாக அங்கே திருப்பி விடப்பட்டது. அணை நீர் மலையைக் குடைந்த வழியே பேராக் பக்கம் இறங்கி மின்சாரம் தருகிறது. ஆக, மேலே ஓரிடத்தில் நீர் கெட்டால் இரண்டு மாநிலங்களுக்கும் கேடு.

கெடுவது எப்படி? சரிவுகளில் காடு வெட்டிக் காய்கறி பயிரிட்டார்கள், கட்டடங்கள் எழுப்பினார்கள். பிடித்து நிறுத்த வேர் இல்லாத மண் மழைக்கு இறங்கி ஆற்றில் விழுந்தது. கோழி எருவும் பூச்சி மருந்தும் அதோடு கலந்தன. வீடுகள், தங்கு விடுதிகளின் கழிவும் சேர்ந்தது. அணையின் கொள்ளளவில் ஏறக்குறைய பாதியை வண்டல் அடைத்துக்கொண்டது.

2013 அக்டோபர் 23-ஆம் தேதி, நள்ளிரவு கடந்த வேளையில், பெருமழையால் அணை நிரம்பி நீர் திறந்து விடப்பட்டது. கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தூங்கிக்கொண்டிருந்த மக்களில் சிலர் உயிரிழந்தனர். மண்ணை வெட்டியவர்கள் வேறு, மாண்டவர்கள் வேறு. இதை நாம் மறக்கலாகாது.

இப்படி ஒன்று நடந்தால் ஆளுக்கு ஆள் குற்றம் சாட்டுவது வழக்கம். தோட்டக்காரர் கட்டடக்காரரைக் காட்டுவார். கட்டடக்காரர் தோட்டக்காரரைக் காட்டுவார். கடைசியில் பழி மண்வெட்டி பிடித்த கூலியாளின் தலையில் விழும். உண்மையோ ஒருவரிடம் மட்டும் இல்லை. எந்த மடுவில் மீன் இல்லாமல் போயிற்று என்று செமாய் மக்களுக்குத் தெரியும். எந்த நாளில் எந்த மருந்து அடித்தோம் என்று தொழிலாளிக்குத் தெரியும். வண்டலின் அளவு அணையில் வேலை செய்பவருக்குத் தெரியும். நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன், அம்மோனியா, மிதக்கும் மண் முதலான 6 அளவுகளை வைத்துச் சுற்றுச்சூழல் இலாகா ஆற்றைத் தரம் பிரிக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.

பால் எடைப் புத்தகம் எழுதும் நாம் ஒன்று அறிவோம். நிறுக்கும்போது இருவர் பார்த்து எழுதிய கணக்கில் சண்டை வருவதில்லை. ஆற்றுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும்.

முடியுமா என்று ஐயம் வேண்டாம். நம் ரப்பர்த் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலைத் திராவகம் விட்டு உறைய வைத்த பின் வரும் கழிவுநீரை நேரே ஆற்றில் விட்ட காலம் உண்டு. நாற்றத்தால் கரையில் நிற்க முடியாது. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1978-இல் ரப்பர் ஆலைகளுக்குத் தனி விதிகள் வந்தன. கழிவைக் குளங்களில் தேக்கிச் சுத்தப்படுத்தும் முறை பரவியது. அதனால் ரப்பர்த் தொழில் அழிந்துவிடவில்லை. 2024-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அபராதம் 1 கோடி வெள்ளி வரை உயர்ந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, பார்த்துச் சொல்லக் கண்கள்தாம் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை என்ன?

முதலாவது, ஒவ்வொரு கிளையும் ஆற்றுக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டும். தேதி, மழை, நீரின் நிறம், வாடை, செத்த மீன் ஆகியவற்றை இருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளுக்கு ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொடுப்போம். ஓடும் நீரில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். மூன்று வால் உள்ள சிறு பூச்சிகளும், மணலால் கூடு கட்டி வாழும் புழுக்களும் பலவகையாக இருந்தால் நீர் பெரும்பாலும் நல்ல நீர். அவை மறைந்து சிவப்புப் புழு மட்டும் நெளிந்தால் கழிவு சேர்ந்துவிட்டது என்று ஐயுற வேண்டும். இதற்குப் படிப்பும் கருவியும் தேவையில்லை. ஆனால் மருந்தின் நஞ்சையும் கிருமியையும் கண்ணால் அறிய முடியாது. அதற்குப் பரிசோதனைச் சாலை வேண்டும்.

மூன்றாவது, மருந்து அடிக்கும் பெண்கள் பம்பையும் டின்னையும் ஓடையில் கழுவும் நிலை கூடாது. கழுவுவதற்குத் தனி இடமும் தண்ணீரும் கையுறையும் கேட்பது நம் உரிமை. அது உடலையும் காக்கும், ஆற்றையும் காக்கும்.

நான்காவது, புகாரைத் தனியாள் கொண்டு போகக் கூடாது. தனியாளை வேலையை விட்டு நிறுத்துவது சுலபம். கிளையின் பெயரில், புத்தகத்தின் நகலோடு, மேலே இருப்பவர்களையும் கீழே இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால் நம் பேச்சுக்கு எடை உண்டு.

தோழர்களே! மேட்டில் இருப்பவன் பள்ளத்தில் இருப்பவனை நினைக்க வேண்டும். அந்த நினைப்பில் பிறந்ததுதான் தொழிற்சங்கம். வருகிற மாதக் கூட்டத்துக்குள் நம் கிளையின் ஆற்றுப் புத்தகத்தில் முதல் பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.