நெல்லுக்கு விலை, அறுக்கிற கைக்கு என்ன?

(குடவாசலில் விவசாயத் தொழிலாளர்களும் அரவை மில் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வருகிற வழியில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார். "நெல்லுக்கு விலை கூட்டியாச்சுங்கிறீங்களே தம்பி, அறுக்கிற கைக்கு அதுலே எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்டார். மேடையில் பேச வைத்திருந்ததை விட்டுவிட்டு அதற்கே பதில் சொல்கிறேன்.

2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய சர்க்கார் பொது ரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் நிர்ணயித்தது. மாநில சர்க்கார் ஊக்கத்தொகை என்று 131 ரூபாய் சேர்த்தது. ஆக 2,500. நம் கணக்கில் 40 கிலோ சிப்பம் ஆயிரம் ரூபாய். அதில் ஊக்கத்தொகை 52 ரூபாய் 40 காசு.

இந்தத் தொகை எடைக்கு எடை போகிறது. ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர்க்காரருக்கு 5,240 ரூபாய். ஐம்பது ஏக்கர் பண்ணைக்கு 1,31,000 ரூபாய். நாற்றுப் பறித்து நட்டவர்களுக்குச் சைபர்.

அப்படியானால் இதை எதிர்க்க வேண்டியதுதானே என்று சில இளம் தோழர்கள் கேட்கிறார்கள். கூடாது. இந்திய உணவுக் கழகம் 1965ல் துவங்கியபோது அதன் முதல் ஜில்லா அலுவலகமே தஞ்சாவூரில்தான் திறந்தது. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. இங்கே நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போடுகிற நெல்தான் அரவைக்குப் போய், ரேஷன் கடைக்கு அரிசியாக வருகிறது. 2011 ஜூன் முதல் அதை விலையில்லாமல் வாங்குகிறோம். கொள்முதல் நின்றால் மில்லிலே அரவை குறையும், நம் அடுப்பிலே உலை காயும். நிலம் இல்லாதவனுக்கும் இதில் பங்கு உண்டு.

ஆனால் அந்த நிலையத்தின் வாசலில் நடப்பதைப் பாருங்கள். ஒரு குத்தகைத் தோழரோடு நானும் ஒரு நிலையத்தில் நின்றேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று குவியலை ஒதுக்கிவிட்டார்கள். பதினோரு நாள் காத்திருந்தோம். எட்டாம் நாள் மழை. தார்ப்பாயைத் தூக்கினால் நெல் முளைத்திருந்தது. அந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிடி அள்ளி மடியில் கட்டிக்கொண்டார். 2025 அக்டோபரில் டெல்டா முழுக்க நெல் நனைந்தபோது, 22 சதவீதம் வரை ஏற்க வேண்டுமென்று மாநில சர்க்காரே மத்திய சர்க்காரைக் கேட்டது. ஐப்பசியிலே இந்த மண்ணில் 17க்கு நெல் காயுமா? விதி எழுதியவர்கள் ஒரு அடைமழைக்கு இங்கே வந்து இருந்து பார்க்கட்டும்!

குத்தகைதாரருக்கு இன்னொரு தொல்லை. சிட்டா நிலத்துக்காரர் பெயரில். அடங்கலுக்கு அலைய வேண்டும். அலுத்துப்போய் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அவருக்கு ஊக்கத்தொகை ஏது?

இனி அந்த அம்மாளின் கேள்வி. அந்தக் காலத்தில் அறுப்புக் கூலி நெல்லாகவே அளந்தார்கள். கூடுதல் நெல் கூலி கேட்ட போராட்டத்தின் நடுவேதான் 1968 டிசம்பர் 25ல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்கடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நெல்லாகக் கூலி வாங்கியவரைக்கும் நெல் விலை ஏறினால் கூலியின் மதிப்பும் கூடவே ஏறியது. இன்று கூலி ரொக்கம். விலை ஏறுகிறது, ரொக்கம் அப்படியே நிற்கிறது. அதுவும் மிஷின் இறங்காத வயலில்தான்.

ஆகவே கொள்முதல் விலை அறிவித்த உடனேயே கூலிப் பேச்சுக்கும் கூப்பிட வேண்டும். சிறு விவசாயி, "எனக்கே கட்டவில்லை, எங்கே கூட்டுவது?" என்பார். பொய்யல்ல. சுவாமிநாதன் கமிஷன், செலவுக்கு மேல் பாதி சேர்த்து விலை தரச் சொன்னது. மத்திய சர்க்கார் செலவில் நில வாடகை மதிப்பையும் முதலுக்கு வட்டியையும் விட்டுவிட்டுப் பாதி சேர்க்கிறது. அவரோடு சேர்ந்து அதைக் கேட்போம்; ஐம்பது ஏக்கர் பண்ணையிடம் கூலியைக் கேட்போம். இரண்டும் ஒரே வாயால் கேட்கலாம்.

சுமை தூக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சிப்பத்துக்கு இவ்வளவு என்று விவசாயியிடம் கைநீட்டினால் அவன் நம்மைத்தான் ஏசுவான். தூக்குகிற முழுக் கூலியையும் கழகம் கொடுக்கட்டும்.

குத்தகைச் சாகுபடி செய்பவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயரும் கிராமமும் கொடுத்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் இருப்போம். அந்த அம்மாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.