ஓய்ந்த கால்களின் உண்மை
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். இடையே கால் ஓய்ந்து அமராதவர் நம்முள் வெகு சிலரே. அத்தனை படிகளையும் ஏறும் தசைக்குக் குருதி எங்ஙனம் தடையின்றி வந்து சேர்கிறது? நான் மருத்துவன் அல்லன், ரயில்வே எழுத்தன். ஆயினும், இதனை அறியாமையால் ஒரு பிள்ளையும் ஏச்சுக்கு ஆளாகக் கூடாது என்பதற்காகவே பேசத் துணிந்தேன்.

உடல் உழைக்கையில் நரம்புகள் குருதிக் குழாய்களைச் சுருக்குகின்றன. உழைக்கும் தசையோ நைட்ரிக் ஆக்சைடு என்னும் வளியைச் சிறிதளவு உண்டாக்கித் தன் குழாய்களில் அச்சுருக்கத்தைத் தணித்துக்கொள்கிறது. இவ்வளி குருதிக் குழாய்களுக்குத் தூது செல்வதைக் கண்டறிந்த பர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இவ்வளியைத் தசையில் உண்டாக்கும் நொதி, முதலில் மூளையில் அறியப்பட்ட நொதியின் உடன்பிறப்பே. இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான். மரபணுவின் செய்தி துண்டு துண்டாக அமைந்துள்ளது. உயிரணு வேண்டாதவற்றை வெட்டி, வேண்டியவற்றை ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு வெட்டி ஒட்டப்படுவதை 1977-இல் கண்ட ராபர்ட்ஸ், ஷார்ப் இருவரும் 1993-இல் நோபல் பரிசு பெற்றனர். ஒரே வண்டியில் தேவைக்கேற்பப் பெட்டியைச் சேர்ப்பதும் கழற்றுவதும் நாம் அறிந்தவையே. தசையில் அவ்வாறு ஒரு பெட்டி கூடுகிறது. அங்குள்ள நொதியில் 34 அமினோ அமிலங்கள் மிகுதியாக உள்ளன.

இந்நொதி தசையிழையின் உறையோரம் நிலைபெற, டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் துணை நிற்கிறது. டுஷேன் தசைச்சிதைவு நோயில் அப்புரதம் சரிவர உருவாவதில்லை. உறை வலுவிழந்து தசை சிதைகிறது. நொதியும் தன் இடத்தை இழப்பதால், உழைக்கும் தசைக்குப் போதிய குருதி சேர்வதும் குன்றுகிறது.

இந்நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே பற்றும். அடிக்கடி விழுதல், படியேறத் திணறுதல், கெண்டைக்கால் பருத்தல், தரையிலிருந்து எழுகையில் தொடைமேல் கையூன்றுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அன்பர்களே, அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று கடியாதீர்கள்! நம் திருப்பதியின் ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவ அறிவியல் கழகத்திலும், சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் நரம்பியல் பிரிவுகள் உள்ளன. கிரியேட்டின் கைனேஸ் என்னும் குருதிச் சோதனை முதல் துப்பைத் தரும். தாயைப் பழித்தலும் தகாது. மரபணுப் பழுது புதிதாகத் தோன்றுவதும் உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் ஏற்றுள்ளது.

கொக்கி பொருந்தாத இடத்தில் ஒரு பெட்டியை விலக்கி எஞ்சியவற்றை இணைப்பதுபோல், மரபணுச் செய்தியில் ஒரு துண்டைத் தாண்டச் செய்யும் மருந்துக்கு 2016-இல் அமெரிக்கா இசைவளித்தது. அது சிலருக்கே பொருந்தும். நோயை அறவே நீக்காது. விலையும் மிகப் பெரிது. எனினும் வழி திறந்துவிட்டது.

அதுவரை நம்மால் இயல்வது ஒன்று: பின்தங்கும் பிள்ளைக்காக நாமும் ஒரு படியில் அமர்ந்து காத்திருப்போம்.