இரண்டு எந்திரன்களும் ஒரு கேள்வியும்

(காரைக்குடி செக்காலையில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று உங்களிடம் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "கூலியைப் பற்றிப் பேசாமல் சினிமாவா?" என்று சிலர் நினைக்கலாம். நான் சொல்லப் போவதும் ஒரு வேலைக்காரனின் கதைதான். அவன் கூலி கேட்க மாட்டான். தூங்க மாட்டான். சங்கத்திலும் சேர மாட்டான்! அவன் பெயர் சிட்டி. 'எந்திரன்' படத்தில் வருகிற ரோபோ.

செக்காலை என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். செக்கு ஒன்று, ஆலை ஒன்று. யந்திரம் நமக்குப் புதிதல்ல. சினிமாவும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில்தான் ஸ்டூடியோ நடத்தினார். 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கேதான் படமாயிற்று. விஞ்ஞானக் கற்பனையும் தமிழ்ப் படத்துக்குப் பழக்கமானதே. 1963-ல் வந்த எம்.ஜி.ஆரின் 'கலை அரசி'யில், வேற்றுக் கிரகத்தார் பூமியிலிருந்து ஒரு கலைஞரைத் தூக்கிச் செல்கிறார்கள்.

'ரோபோ' என்ற சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாபெக் 1920-ல் எழுதிய ஒரு நாடகத்திலிருந்து வந்தது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் குடியானவன் செய்ய வேண்டிய கட்டாய வேலை. நம் பாஷையில் வெட்டி வேலை! அந்த நாடகத்தில், தொழிற்சாலையில் செய்த ரோபோக்கள் கலகம் செய்து மனித குலத்தையே அழித்து விடுகின்றன. ஒரே ஒரு மனிதரை மட்டும் விட்டு வைக்கின்றன. ஏன்? அவர் தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறவர்! ஆகவே ரோபோக் கதை பிறந்தபோதே உழைப்பைப் பற்றிய கதையாகத்தான் பிறந்தது. இதை மனதில் வைத்துக் கொண்டு இரண்டு படங்களையும் பார்ப்போம்.

முதற்படம் 'எந்திரன்', 2010 அக்டோபர் 1-ல் வெளிவந்தது. ஷங்கர் இயக்கினார், ரஜினிகாந்த் விஞ்ஞானி வசீகரனாகவும் ரோபோ சிட்டியாகவும் நடித்தார். வசனத்தில் பங்கு கொண்ட எழுத்தாளர் சுஜாதா, படம் முடிவதைப் பார்க்காமலே 2008-ல் காலமானார். அதே ஆண்டு உலக முதலாளித்துவத்தின் பண நெருக்கடியில் முதலில் படமெடுத்தவர்கள் கை ஓய்ந்தார்கள். சன் பிக்சர்ஸ் ஏற்றுக் கொண்டது. செலவு 130 கோடி ரூபாய்க்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின.

கதை என்ன? வசீகரன் பத்தாண்டு பாடுபட்டு ராணுவத்துக்காக ஒரு ரோபோவைச் செய்கிறார். அவருடைய ஆசிரியரான போரா என்ற விஞ்ஞானிக்கு அதே வித்தையைப் பயங்கரவாதிகளிடம் விற்க ஆசை. சிட்டிக்கு உணர்ச்சி பிறக்கிறது, காதலும் வருகிறது. ராணுவத்தார் முன்னிலையில் சொன்னபடி நடக்காமல் போகவே, வசீகரன் தாம் செய்த சிட்டியைத் தாமே வெட்டிக் குப்பையில் எறிகிறார். போரா அதைப் பொறுக்கி எடுத்து, நாசவேலைக்கான சிவப்புச் சில்லு ஒன்றைப் பொருத்துகிறார். முன்பு தீயில் புகுந்து உயிர்களைக் காத்த அதே கைகள் இப்போது உயிர்களைக் குடிக்கின்றன!

கவனியுங்கள் தோழர்களே. யந்திரம் ஒன்றுதான், அதை வைத்திருப்பவன் மாறினான், வேலையும் மாறியது. படத்தின் உயிர்நாடி இதுதான். முடிவில் நீதிமன்றம் சிட்டியைக் கழற்றிப் போடச் சொல்கிறது. சிட்டி தன் கையாலேயே தன்னைக் கழற்றிக் கொள்கிறது. பிறகு 2030-ல் ஒரு பொருட்காட்சி சாலை. உன்னை ஏன் கழற்றினார்கள் என்று ஒரு பள்ளிச் சிறுமி கேட்கிறாள். நான் சிந்திக்கத் தொடங்கி விட்டேன், அதனால்தான் என்று சிட்டி பதில் சொல்கிறது. வேலைக்காரன் சிந்திக்கத் தொடங்கினால் எஜமானர்களுக்கு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

குறை இல்லையா? உண்டு. பாட்டுகளுக்காகக் கதை அடிக்கடி நின்று விடுகிறது. கதாநாயகியை இரு தரப்பும் இழுத்துப் பறிக்கும் பொருளாக ஆக்கி விட்டார்கள். ஆனாலும் தொழில் நுட்ப வேலைக்கும் கலை அமைப்புக்கும் தேசிய விருது கிடைத்தது. அது நியாயமான விருதுதான்.

இரண்டாம் படம் '2.0', 2018 நவம்பர் 29-ல் வந்தது. லைக்கா கம்பெனி எடுத்தது. செலவு 500 கோடிக்கு மேல் என்றார்கள். முதற்படத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு! வசனம் ஜெயமோகன், வில்லனாக இந்தி நடிகர் அக்ஷய் குமார்.

கதையின் தொடக்கம் பிரமாதம். ஊரிலுள்ள செல்போன்கள் எல்லாம் கையை விட்டுப் பறந்து போகின்றன. அவை ஒன்று சேர்ந்து ராட்சதப் பறவையாகின்றன. ஏன்? பக்ஷிராஜன் என்ற பறவை ஆராய்ச்சியாளர், செல்போன் டவர்களின் கதிர்வீச்சால் பறவைகள் சாகின்றன என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறார். கோர்ட்டுக்கும் போகிறார். எவரும் செவி சாய்க்கவில்லை. மனமுடைந்து ஒரு டவரிலேயே தூக்கு மாட்டிக் கொள்கிறார்.

மனுக் கொடுத்துக் கொடுத்துக் கால் தேய்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அந்தக் கிழவரின் துயரம் உங்களுக்குப் புரியும். படம் வருமுன்பே செல்போன் கம்பெனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் புகார் செய்தது. எங்கோ சுருக்கென்று தைத்திருக்கிறது!

ஆனால் அதன் பிறகு படம் என்ன செய்கிறது? நியாயம் கேட்ட மனிதரைப் பேயாக்கி விடுகிறது. 'ஆரா' என்று ஒரு சொல்லைப் போட்டுப் பேய்க்கு விஞ்ஞானச் சட்டை மாட்டி விடுகிறது. அந்தப் பேய் கம்பெனி முதலாளியையும் மந்திரியையும் கொன்று விட்டு, பிறகு செல்போன் வைத்திருக்கும் சாதாரண ஜனங்கள் மீதே பாய்கிறது. உடனே சிட்டி உயிர் பெற்று வருகிறது. மைதானத்தில் இரண்டு ராட்சதர்களும் மோதுகிறார்கள். முக்கால் மணி நேர அடிதடியில் டவரும் குருவியும் மறந்து போகின்றன. கடைசியில் விஞ்ஞானி மந்திரிக்குக் கொஞ்சம் புத்திமதி சொல்கிறார். கதை முடிந்தது!

விஞ்ஞானமாவது சரியா? 2020-ல் வெளிவந்த இந்தியப் பறவைகள் நிலை பற்றிய அறிக்கை, சிட்டுக்குருவி பெரு நகரங்களில் குறைந்தாலும் நாடு முழுவதும் எடுத்துக் கொண்டால் குறையவில்லை என்கிறது. டவர் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றும் சொல்கிறது. விஞ்ஞானப் படம் எடுப்பவர் கற்பனை செய்யலாம், அதில் தவறில்லை. ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் பயத்தை விதைக்கலாமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படம் வருவதற்கு 13 நாள் முன்பு, 2018 நவம்பர் 16-ல், கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் இருட்டில் கிடந்தன. தென்னை சாய்ந்தது, குடிசை பறந்தது, செல்போனில் கூப்பிடவும் வழியில்லை. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின்சாரத் தொழிலாளர்கள் சேற்றில் நின்று கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். செல்போனும் டவரும் ஏழைக்கு எவ்வளவு தேவை என்பதை அந்த நாட்கள் காட்டின. அங்கே வேண்டியிருந்தது செல்போனை அழிக்கும் பேயல்ல. கம்பத்தை நிமிர்த்தும் கை!

ஆக, இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் என்ன? முதற்படம், 'யந்திரம் யார் கையில் இருக்கிறது?' என்று கேட்டது. இரண்டாம் படம், 'எந்த ராட்சதன் பெரியவன்?' என்று கேட்டது. நான்கு மடங்கு பணம் பெரிய பறவையை வாங்கித் தந்தது. பெரிய கேள்வியை வாங்கித் தரவில்லை. இரவு பகலாகப் பாடுபட்ட கலைத் தொழிலாளர்களின் கைத்திறனில் குறையில்லை. அந்தத் திறன் எதற்குப் பயன்பட்டது என்பதில்தான் குறை.

இந்தக் கேள்வி நம் வாசலுக்கே வந்து நிற்கிறது. வயலில் அறுவடை யந்திரம் இறங்கும்போது அரிவாள் பிடித்த கைகள் வரப்பில் நிற்கின்றன. மில்லில் அறுந்த நூலை யந்திரமே இணைக்கிறது. முடிச்சுப் போட்ட பெண்கள் வெளியே நிற்கிறார்கள். இப்போது கணக்கெழுதவும் படம் வரையவும் பேசவும் செய்கிற யந்திர மூளை வந்து விட்டது. யந்திரத்தை உடைப்பதா நம் வேலை? இல்லை! குனிந்து அறுத்து இடுப்பொடிவதில் பெருமை ஒன்றுமில்லை. யந்திரம் மிச்சப்படுத்துகிற நேரமும் பணமும் யாருக்குப் போகின்றன என்பதே கேள்வி.

காளையார்கோவில் காளீஸ்வரர் மில் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றது. அது மத்திய அரசின் தேசிய பஞ்சாலைக் கழகத்தின் மில். அதன் பிறகும் மில்லைத் திற என்று தொழிலாளிகள் போராடினார்கள். அந்த மில்லை எந்த ரோபோ வந்து மூடியது? எந்தப் பேய் வந்து பூட்டியது? பூட்டை வைத்திருப்பது ரத்தமும் சதையுமுள்ள மனிதர்கள். மனிதர் எடுத்த முடிவை மனிதரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகவே படம் பாருங்கள், தோழர்களே. விசில் அடித்துப் பாருங்கள். உழைத்தவனுக்குப் பொழுதுபோக்கும் உரிமைதான். பார்த்து விட்டு வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த யந்திரத்தைச் செய்தவன் யார்? வைத்திருப்பவன் யார்? இதனால் வாழ்பவன் யார்? சினிமாவில் கேட்டுப் பழகிய கேள்வி, நாளைக்கு மில் வாசலிலும் வயல் வரப்பிலும் தானாக நாக்கில் வரும்.