உவர்க்காற்றும் ஒளிரும் வர்ணமும்

மன்னார்த் தீவின் பள்ளிமுனைக்குச் செல்வோர் முதலிற் காண விரும்புவது அங்கு நிற்கும் பழம்பெரும் பெருக்கமரத்தையே. அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் அம்மரம் உவர்க்காற்றைப் பன்னெடுங்காலம் தாங்கி நிற்கின்றது. இரும்புக்கு அத்தகைய வலிமை இல்லை. அக்கரையிலே துவிச்சக்கர வண்டியொன்று சில மாதம் கவனிப்பாரற்றுக் கிடந்தாற் போதும். துரு அதனைத் தன்னுடைமை ஆக்கிக்கொள்ளும்.

தந்தை மீன்பெட்டி கட்டிச் சென்ற பழைய வண்டியை ஓய்வு நேரத்திலே புதுக்கி எடுக்க விரும்பும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பட்டறைக்காரர் வர்ண அட்டையை விரித்தவுடன் அவர் கண் பளபளக்கும் சிவப்பிலே சென்று நிற்கும். ஆனால் நிறம் இறுதியிலே தீர்க்கப்படவேண்டிய விடயம்.

‘பவுடர் கோட்டிங்’ எனப்படும் பொடிப்பூச்சில் ஈரமான வர்ணம் இல்லை. மின்னேற்றம் பெற்ற நுண்பொடி இரும்பிலே ஒட்டிக்கொள்ள, ஏறத்தாழ 180 முதல் 200 பாகை வெப்பமுள்ள அடுப்பிலே அது உருகி இறுகி ஒரே தோலாகின்றது. ஆகவே வெப்பம் தாங்காதவற்றுக்கு இது உதவாது. கண்ணாடியிழைப் படகுக்கு இது ஆகாது. ஈயமும் வெள்ளீயமும் கலந்து பற்றவைத்த தகர விளக்கையோ விளையாட்டுப் படகையோ அடுப்பிலிட்டால் அது துண்டு துண்டாக வெளியே வரும். அப்பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்குவது. வீட்டுச் சமையலடுப்பிலே செய்து பார்க்கலாமென்று எண்ணுவோரும் உளர். அவ்வாறு பயன்பட்ட அடுப்பில் மீண்டும் உணவு சமைத்தல் தகாது.

அடுத்து, பொடியின் இனம். எப்பொக்சிப் பொடி இரும்பை இறுகப் பற்றும். எனினும் வெயிலிலே விரைவில் வெளிறிச் சுண்ணாம்புபோல் உதிரும். பொலியெஸ்டர்ப் பொடி வெயிலை நன்கு தாங்கும். எனவே துத்தநாகம் செறிந்த எப்பொக்சி அடிப்பூச்சும், அதன்மேல் பொலியெஸ்டர்ப் பூச்சுமே கடற்கரைக்குப் பொருத்தமானவை. செலவு கூடுமென்பது உண்மையே. பணம் போதாவிடின் பளபளப்பைக் குறைக்கலாம், அடிப்பூச்சைக் குறைக்கலாகாது.

பூச்சுக்கு முந்திய வேலையோ எவர் கண்ணுக்கும் தெரியாதது. உப்புப் படிந்த இரும்பை முதலில் நன்னீரிலே கழுவவேண்டும். பின்னர் மணல்வீச்சினால் துருவை அடியோடு நீக்கி, வெறும் இரும்பாகக் காற்றிலே விடாது அன்றைக்கே பூசிவிட வேண்டும். உப்பின் ஒரு துகள் உள்ளே சிக்கினாலும் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். வெளியே தெரியும் துருவைச் சுரண்டி எறியலாம். அழகிய தோலுக்கடியிலே ஒளிந்த துருவோ, முன்சக்கரத்தைத் தாங்கும் கவரை ஒருநாள் பாரத்தோடு முறித்துவிடும். குழாய்கள் கூடும் உள்மூலைகளிலே மின்புலம் புகாமையாற் பொடி மெலிந்து படியும். கூரிய விளிம்புகளிலும் பூச்சு மெலிந்திருக்கும். வேலையை ஏற்றுக்கொள்ளுமுன் அவ்விடங்களையே பார்க்கவேண்டும். இருக்கையையும் கைபிடியையும் பார்த்து மகிழ்வது பிறகு ஆகலாம்.

பளபளப்பு வீண் பகட்டு அன்று. வழுவழுப்பான மேனியிலே உப்பும் தூசியும் எளிதிற் கழுவப்படும். ஆயினும் அது ஒளிவு மறைவு அறியாதது. அடியிலுள்ள பள்ளத்தையும் கீறலையும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அடிபட்ட பழைய சட்டகத்துக்கு அரைப்பளபளப்பே அழகு. நிறங்களுள்ளும் சில பகட்டுச் சிவப்புகளும் மஞ்சள்களும் முந்தி மங்குவன. வெள்ளை, கறுப்பு, காவி ஆகியன நின்று பிடிப்பன.

கடைவிளக்கின் கீழே கண்ட நிறம் பள்ளிமுனை வெயிலிலே வேறாகத் தோன்றும். ஆதலால் சிறு இரும்புத் தகடொன்றிலே அதே பூச்சைப் போடுவித்து, ஆணியினால் இரும்பு தெரியுமாறு குறுக்குக் கோடு இரண்டு கீறி, கடலை நோக்கிய வேலியிலே சில மாதங்கள் தொங்கவிடலாம். கீறலோடு துரு நின்றுவிட்டால் வண்டியைக் கொடுக்கலாம். தோலுக்கடியிலே பரவி அதனை உயர்த்தினால், வேறு பட்டறையை நாடுவதே நன்று.